வெள்ளை ஆந்தையைக் கண்டவர்கள்

கண்ட பறவைகளை எழுதி வைக்கிற எங்கள் கொப்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. பெருநாள் பிறைக்குப் பள்ளிவாசலில் என்ன கேட்பார்களோ அதையே கொப்பியும் கேட்கும். தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். இரண்டு பேராவது கண்டிருக்க வேண்டும். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று வருகிற பறவைக்கு அதில் இடம் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவர் ஹாஷிம். வாலிபத்தில் கட்டுகஸ்தோட்டையில் பிறையை முதலில் காண்பவர் அவர்தான் என்று சொல்வார்கள். பள்ளியில் போய்ச் சாட்சி சொல்லிப் பழகியவர் என்பதால் குருவிக்கும் அதே சட்டம்.

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஓர் இரும்புச் சாமான் கடை இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஆற்றங்கரைக்கு வாலாட்டிக் குருவி வரும். அது வந்த நாளை இவர் கடைச் சுவரில் கரியால் குறித்து வைப்பார். ஒரு பெருநாளுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தபோது பதினொரு வருஷக் குருவிகளும் போய்விட்டன. கொப்பி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

கொப்பிக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் முத்துலிங்கம், கண்டித் தபால் கந்தோரில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். பூட்டு வாங்க வந்தவர் சுவரில் இருந்த கரிக்கோடுகளைப் பார்த்து, "இது ஆருக்குக் கடன் நாநா?" என்று கேட்டார். குருவிக் கணக்கு என்று தெரிந்ததும் அடுத்த ஞாயிறு தூரக்கண்ணாடியோடு வந்து நின்றார். மற்றவர் அழகையா. புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரின் மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. ஸ்டோருக்கு ஆணி வாங்க வருவார். தோட்டத்தில் புதிதாக ஏதாவது கண்டால் ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கண்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கொண்டக்டர் அதைத் தபால் கந்தோரில் கொடுக்க, முத்துலிங்கம் சனிக்கிழமை எங்களிடம் கொண்டுவருவார்.

முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. அழகையா கோட்டான் என்று எழுதினார், முத்துலிங்கம் நத்து என்றார், இவர் ஆந்தை என்றார். மூன்று பறவைகள் என்று மாரி முழுக்கத் தனித்தனியே பதிந்து வைத்தோம். கடைசியில் மூன்று பேரும் ஒரே பலாமரத்தின் கீழ் நின்று ஒரே பறவையைக் காட்டி மூன்று பெயர் சொன்ன அன்றுதான் விஷயம் வெளிச்சமானது.

நான் கொப்பியில் எழுதுகிறவள் மட்டும். குர்ஆன் ஓதப் போன வீட்டில் அரபும், என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்லித் தந்த தமிழும் எனக்குத் தெரியும். இவருடைய கண்ணில் புரை விழத் தொடங்கியதும் பென்சில் என் கைக்கு வந்தது. நாள், இடம், பறவை, கண்டவர் என்று நான்கு கட்டம். கண்டவர் என்ற கட்டத்தில் என் பெயரை நான் ஒருநாளும் எழுதியதில்லை. சமையற்கட்டு யன்னலால் எத்தனையோ கண்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று மார்கழியில் அழகையாவின் துண்டு வந்தது. 'பழைய ஸ்டோர் மாடியில் ஒரு கோட்டான். முழு வெள்ளை.' ஒரே சாட்சி என்பதால் இவர் பதியவில்லை. அடுத்த வருஷமும் அதே மாதம், அதே துண்டு. பதியவில்லை. அழகையா ஆணி வாங்க வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் பொய் சொல்றேன்னு நெனக்கிறீங்களா நாநா?" என்று கேட்டார். இவர் மிகவும் சங்கடப்பட்டார். ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை.

முத்துலிங்கத்திடம் ஓர் ஆங்கிலப் படப் புத்தகம் இருந்தது. பனி மூடிய தேசத்தில் வாழும் வெள்ளை ஆந்தையின் படம் அதில் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அதுதான் வழி தவறி மலைக்கு வந்திருக்கிறது என்று அவர் எங்களைப் பேசிப் பேசி நம்ப வைத்திருந்தார். முப்பத்து மூன்று கார்த்திகையில் அவரே புசல்லாவைக்குப் போனார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து தூரக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பனித் தேசமும் இல்லை ஒண்டும் இல்லை நாநா," என்றார் பிறகு. "எங்கட ஊரில சிலுவை வச்ச பழைய வேதக்கோயில்களில கிடக்கிற கூகை. சின்னனில கல்லெறிஞ்சிருக்கிறன். ஆனா அங்க, அந்த மாடியில கண்டவுடன எனக்குக் கால் நகரேல்ல. ஒரு மணித்தியாலம் நிண்டனான்."

அது எப்படி வடக்கிலிருந்து மலைக்கு வந்தது, மாசி பிறந்ததும் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது. சாட்சி இரண்டானதால் அன்று கொப்பியில் ஏறியது. அழகையா, முத்துலிங்கம் என்று இரண்டு பெயர்களையும் நான் எழுதினேன். இவர் அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இவருக்கு வேறு நினைப்பே இல்லை. மற்றப் பறவைகளைச் சத்தத்தால் அறிந்துகொள்வார். காலையும் மாலையும் ஆறு மணிக்குருவி கத்தினால் எந்தக் கிளை என்றுகூடச் சொல்லிவிடுவார். இந்தப் பறவையோ பறக்கும்போது சத்தமே இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அப்படியானால் கண்ணால்தான் காண வேண்டும். கண்டி டொக்டர் புரை முற்றட்டும், பிறகு வெட்டலாம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் என்ன ஆகுமோ, அடுத்த மாரிக்கு ஆந்தை வருமோ வராதோ. "இந்த மாரிக்குள்ள ஒருக்கா பாத்திடணும் றலியா," என்றார். புரை முற்றும்வரை அவர் இருக்கவில்லை. அடுத்த வருஷம் ஆறு வற்றிக் குளம் குளமாகத் தேங்கி, ஊர் முழுக்கக் காய்ச்சல் பரவியபோது, நோன்பு மாதத்தில் மவுத்தானார். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

அந்த முப்பத்து மூன்று மாரியிலேயே இவரைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் போனோம். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்கு லீவு, கந்தோருக்கும் லீவு. சாயங்காலம் நோன்புப் பிறை பார்க்கிற நாள், அதற்குள் வீடு திரும்பிவிடுங்கள் என்று இவருடைய தாய், என் மாமி, சொல்லி அனுப்பினார். கையைப் பிடித்து நடத்த ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். அது குறித்துக் குடும்பத்தில் பேச்சு வந்தது, போயிற்று.

நேரத்தைக் குறித்தவர் முத்துலிங்கம். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்தான் நாநாவுக்குத் தெரியும், நடுப்பகல்தான் சரி என்றார். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

தேயிலை விலை விழுந்ததில் பழைய ஸ்டோரை மூடியிருந்தார்கள். அழகையா திறப்பைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். மாடியில் கொழுந்து பரப்புகிற சாக்குத் தட்டுகள் கிழிந்து தொங்கின. காய்ந்த தேயிலை வாசம் இன்னும் இருந்தது. நாலு பக்கமும் யன்னல். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது.

"அந்தக் கடைசி உத்தரத்துல, யன்னலுக்கு நேரா பாருங்க நாநா," என்று அழகையா காதோடு சொன்னார்.

இவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முத்துலிங்கம் தூரக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதை வைத்தும் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எனக்கு எல்லாமே வெள்ளையாத்தான் இரிக்கி கிளாக்கர். இதுல எத நீங்க ஆந்தைன்னு சொல்றீங்க?"

நான் அந்த நேரமெல்லாம் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுவிட்டார் என்பதை முகத்தில் முதலில் கண்டுகொள்ள வேண்டும் என்று ஓர் ஆசை. நான் தலையைத் திருப்பியபோது அது உத்தரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டதாக அழகையா சொன்னார். தலை எப்படி, சிறகு எப்படி, கால் எப்படி என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னதை வைத்து நான் கண்டதாக எழுத ஏலாது என்று முடித்துவிட்டார். படியிறங்கும்போது என் தோளில் இருந்த கை பாரமாக இருந்தது.

அழகையாவின் லயத்து வீட்டில் பிளேன்ரீ கொடுத்தார்கள். அவருடைய மனைவி பாலம்மாவுக்கு நாங்கள் வந்ததே பிடிக்கவில்லை. சாவு சொல்லுகிற பறவையைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வருவார்களா என்று அடுப்படியில் இருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை இவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அதுக்கும் பகல்ல கண்ணு தெரியாது. ஒங்களுக்கும் பகல்ல கண்ணு தெரியாது. ரெண்டு பேரும் பட்டப்பகல்ல நேருக்கு நேரா நின்னா யாருங்க யாரப் பாக்கிறது?"

அழகையா பதறிப் போய் அதட்டினார். முத்துலிங்கம் தன் கோப்பைக்குள் பார்த்தார். இவர்தான் சிரித்தார், அன்று முதல் தடவையாக. சிரித்து முடித்தும் கோப்பையைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி சொல்றது சரி," என்றார். "அது எத்தன மணிக்கு வெளிய வரும்?"

விளக்கு வைக்கிற நேரம் என்றார் பாலம்மா.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. காலையில் செருப்பைத் தேடித் தடவுகிறவர், அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு மட்டும் கையை உதறிவிட்டுத் தனியே போவார். பழகின பாதை என்று நான் நினைத்திருந்தேன். கேட்டபோது, வெயில் இறங்கினால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற புகை கொஞ்சம் விலகும் என்றார். இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்றேன். நீயும் கேட்கவில்லை என்றார்.

கண்டிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. ஸ்டோருக்குக் கீழே பஸ் போகும் ரோட்டில் ஒரு மதகு இருக்கிறது. அதன் கட்டைச் சுவரில் எங்களை உட்கார வைத்துவிட்டு, வளைவில் நின்று பஸ்ஸை மறிக்க முத்துலிங்கமும் அழகையாவும் முன்னால் போனார்கள். ஆந்தைக்கு முன் பஸ் வந்துவிட்டால், பிறகு நோன்பு மாதம், அந்த மாரி அதோடு முடிந்தது.

பின்னேரம் பெய்த மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி தேயிலைக்குள்ளால் ஏறி வந்தது. சூரியன் இறங்கியதும் இவர் பழக்கத்தில் எழுந்து மேற்கே திரும்பி நின்றார். மேற்கில் ஒரே மேகம். எனக்கே பிறை தெரியவில்லை. நான் மேகத்தின் விளிம்பில் தேடிக்கொண்டே இருந்தேன். வளைவுக்கு அப்பால் பஸ் இரைவது கேட்டது.

"றலியா," என்றார் இவர். சத்தம் மிகவும் தணிவாக இருந்தது. அவர் மேற்கே பார்க்கவில்லை. ஸ்டோர்ப் பக்கம் திரும்பியிருந்தார். "யன்னல் எல்லாம் கறுப்பா இரிக்கி, என்ன?"

"ஓ."

"மூணாவது யன்னல்ல ஒரு வெள்ளை இரிக்கி."

நான் பார்த்தேன். மூன்றாவது யன்னல் கட்டையில் அது நின்றது. நான் பார்த்த கணத்தில் முன்னால் சாய்ந்து விழுந்தது. விழுந்தது என்றுதான் நினைத்தேன். தேயிலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சிறகு விரிந்தது. பனிக்குள் பனியே திரண்டு எழுந்து வருவதுபோல, நிரையின் நடுவால் நேரே எங்களை நோக்கி வந்தது. சிறகு அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. கொழுந்தில் இருந்து துளி சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இந்தச் சிறகின் சத்தம் கேட்கவில்லை. மதகை நெருங்கியபோது முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. காம்பை மேலே வைத்துப் பிடித்த வெற்றிலை மாதிரி ஒரு வெள்ளை முகம். அதில் கறுத்த கண் இரண்டு. என் முக்காட்டுக்கு எட்டுகிற தூரத்தில் ரோட்டைக் கடந்து, கீழ்ப்பக்கத் தேயிலைக்கு மேலால் போய், பனியோடு சேர்ந்துவிட்டது.

இவர் கழுத்து கூடவே திரும்பியதை நான் கண்டேன். யன்னலிலிருந்து பள்ளம்வரை, ஓர் இடத்திலும் பிந்தாமல் திரும்பியது.

"சுபஹானல்லாஹ்," என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "முகம் வெத்தில மாதிரி," என்றார். நான் அப்போது வாயே திறந்திருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. முத்துலிங்கம் இறங்கி ஓடி வந்து, கெதியா ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ என்றார். பஸ்ஸின் லைட் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவரும் அழகையாவும் ஒன்றையும் காணவில்லை. இவர் சொன்னதும் முத்துலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிளாக்கர்ப் புத்தி வந்துவிட்டது.

"நாநா, சட்டம் உங்கட சட்டம். ரெண்டாவது சாட்சி ஆர்?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"பொம்பளைச் சாட்சி எடுபடுமா?" என்று கேட்டேன்.

"இது பள்ளிவாசல் இல்ல, கொப்பி. நீ கண்டியா இல்லையா, அதச் சொல்லு."

"கண்டேன்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமி வாசலில் நின்று, பிறை காணவில்லையாம், நாளைக்கு நோன்பில்லை என்றார். நான் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். கண்டவர் கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. உங்கள் பெயரை முன்னுக்குப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பின்ன? நான்தானே முந்திக் கண்டது," என்றார்.

அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் விரிந்திருக்கிறது. பென்சில் எழுத்து மங்கினாலும் வாசிக்கலாம். ஷஃபான் இருபத்தொன்பது, மஃரிப். புசல்லாவை, பழைய ஸ்டோருக்குக் கீழே மதகடி. வெள்ளை ஆந்தை ஒன்று. கண்டவர்: ஹாஷிம், றலியா.