பெனிஷாவுக்கு வாங்கிய மாத்திரை

ஆசிரியர் அறை வாசலில் அன்னபுஷ்பம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்ததும் ஞானம்மா டீச்சர் தன் கைப்பையை நாற்காலிக்கடியில் தள்ளினாள். அன்னபுஷ்பத்தின் மகள் பெனிஷா, ஏழாம் வகுப்பு, தூணில் சாய்ந்து கண் சொருகி நின்றாள்.

பைக்குள் பெனிஷாவின் வீடியோ கேம் இருந்தது. போன வருஷம் குவைத் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த அவள் அப்பா, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த ஒரே சாமான். மூன்று வாரத்துக்கு முன் கணக்கு வகுப்பில் அதைப் பிடுங்கியது ஞானம்மாதான். "இது ஒரு மனவியாதிம்மா. பத்திரிகையிலயே போட்டிருக்கான். டாக்டர்கிட்ட காட்டு" என்று மற்ற ஆசிரியர்களுக்கும் கேட்கும்படி அன்னபுஷ்பத்திடம் சொன்னதும் அவள்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸில், அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மேலிருந்து முட்டைகள் விழுந்தன. கூடையில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது, இறங்க வேண்டிய ஒரகடம் போய், பஸ் வாலாஜாபாத்தில் நின்றிருந்தது. அதன் பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன. பேட்டரி தீர்ந்தபோது காஞ்சிபுரம் வாட்ச் கடையில், தம்பி மகனுக்கு என்று பொய் சொல்லி வாங்கினாள். நாற்பத்தாறு வயசு. கண்ணை மூடினால் முட்டை விழுந்தது.

"டாக்டராண்ட காட்டிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாரு?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல, பசங்கன்னா ஆடத்தான் செய்யும்னாரு. எனுக்கு மனசு கேக்கல. டீச்சரே சொல்லிக்கிறாங்களேன்னு மருந்துக் கடையில நானே கேட்டு மாத்திர வாங்கினேன். துன்னுட்டு எந்நேரமும் தூங்கிக்கினே கீது. நீங்க மட்டும் சொல்லலன்னா எம் பொண்ணு பாழாப் பூட்டிருக்கும் டீச்சர்."

கும்பிட்டாள். ஞானம்மாவுக்குக் காது மடல் சுட்டது. குனிந்து பையைத் திறந்து, அந்தக் கேமை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாத்திரைய நிறுத்திடு அன்னபுஷ்பம். அவளுக்கு ஒண்ணுமில்ல. இத... இத்தன நாளா நான்தான் ஆடிக்கிட்டிருந்தேன்."

எதிர் மேசையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த பாண்டுரங்கன் சாரின் பேனா நின்றது. அன்னபுஷ்பம் சிரிக்கப் பார்த்தாள். டீச்சரின் முகம் அவளைச் சிரிக்கவிடவில்லை. குரலைத் தாழ்த்தி, துளி கேலி இல்லாமல் கேட்டாள்.

"அப்ப நீங்களும் மாத்திர போட்டுக்கினீங்களா டீச்சர்?"

ஞானம்மா கேமை மேசை ஓரம் வரை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

அன்னபுஷ்பம் கேமைத் தொடவில்லை. மகளைத் தோளோடு அணைத்து மைதானத்தில் இறங்கினாள். வெயிலில் நாலடி நடந்த பெனிஷா, அப்படியே உட்காரப் போனாள். அம்மா முதுகைக் காட்டிக் குனிந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண் கைக்குழந்தை மாதிரி ஏறிக்கொண்டது. அவர்கள் கேட்டைத் தாண்டும் வரை, அதன் நீண்ட கால்கள் இரண்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டே போயின.