கீழே யார் பிடிக்கிறது

மாடிப்படியில் சாமான் இறக்கும்போது மேலே ஒருவன் பிடிப்பான், கீழே ஒருவன் பிடிப்பான். மேலே இருப்பவன் வழி சொல்வான். கனம் முழுக்கக் கீழே இருப்பவன் மேல்தான் விழும். நானும் கட்டையண்ணனும் சேர்ந்து சுமை தூக்கிய காலமெல்லாம் அவர்தான் கீழே. "நீ வழி சொல்லுடா, உனக்கு வாய்தான் பலம்" என்பார்.

கட்டை என்ற பேர் ஆட்டத்தால் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வாசலில் கிரிக்கெட் ஆடுவோம். மட்டை அவர் கைக்குப் போனால் ரன்னும் எடுக்க மாட்டார், அவுட்டும் ஆக மாட்டார். கட்டை போட்டுக்கொண்டே நிற்பார். மேஸ்திரி வந்து திட்டினால்தான் மட்டை கைமாறும்.

ஒருநாள் ஈரப் படியில் வழுக்கி, ஒரு பீரோ அப்படியே அவர் இடுப்பில் இறங்கியது. அதோடு வேலை போயிற்று. கோலை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், படி இறங்க முடியாது. குடியிருப்பது ஐந்தாவது மாடி. லிஃப்ட்தான் அவருக்குக் கால்.

அந்த லிஃப்டும் நின்றது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: "பழுது. நாளை சரிசெய்யப்படும்." எந்த நாளை என்று போடவில்லை.

முன்பெல்லாம் ஒரு மெக்கானிக் இருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆள் அனுப்பினால் கிரீஸ் கையோடு வந்து, லிஃப்டை நாலு வார்த்தை திட்டி, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அதுவும் ஓடும். அப்புறம் அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. இப்போது ஒரு நம்பர்தான் இருக்கிறது. என் போனிலிருந்துதான் கூப்பிடுவோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நடுநடுவே வரும். அவ்வளவு முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே என்பார் அண்ணன். கடைசியில் எவனாவது எடுத்தால், உதிரிபாகம் கப்பலில் வருகிறது, நாளைக்கு ஆள் வரும் என்பான்.

இந்த நேரத்தில்தான் அண்ணிக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அண்ணன் மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளில் வந்துவிடுவேன், அதற்குள் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் பண்ண வேண்டாம் என்று அண்ணி முதல் திருப்பத்திலேயே நின்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் வரவில்லை. போனில் பேசிப் பார்த்தார்கள். அண்ணிக்குக் குரல் எழும்பவில்லை, அண்ணனுக்குக் காது பாதி அவிந்து போயிருந்தது. லாரி இஞ்சின் பக்கத்திலேயே வாழ்ந்த காது. அதனால் வேலை முடிந்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், அங்கிருந்து ஐந்து மாடி ஏறி அண்ணனிடம் போவேன். பேட்ஸ்மேனுக்கு அடிபட்டால் அவனுக்குப் பதில் இன்னொருவன் ஓடுவானே, அப்படி என்னை ரன்னர் என்று வைத்துக்கொண்டார். ரன்னர் அவுட்டானால் பேட்ஸ்மேனும் அவுட், பார்த்து ஓடு என்பார். பெரிய ஆட்டங்களில் இப்போது ரன்னரையே எடுத்துவிட்டார்களே என்றேன். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான், முதலில் நொண்டிக்கு இருக்கிற வசதியில்தான் கை வைப்பான் என்றார்.

நான் சுமந்து போன சேதி பூராவும் ஆட்டம்தான். அண்ணன் துறைமுக அணி. அண்ணியின் அப்பா மில்லில் வேலை பார்த்தவர், அதனால் அண்ணி மில் அணி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை. தன் அணி தோற்றதை இரண்டு பேரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதும் இல்லை. மைதானம் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரேதான். ஆனால் நடுவில் கட்டடம் மறைத்து, ஒரு மூலையும் அந்த மூலையில் நிற்கும் ஒரே ஒரு ஃபீல்டரும்தான் தெரியும். டி.வி.க்காரன் பணம் வாங்கிக்கொண்டே அந்தச் சேனலைத் தூக்கிவிட்டான். அதற்கும் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்துதான். அண்ணன் அந்த ஃபீல்டர் குனிவதையும் நிமிர்வதையும் வைத்தே முழு ஆட்டத்தையும் சொல்லுவார்.

உங்க மில் ஓப்பனர் கஸ்டமர் சர்வீஸ் மாதிரி, தேவைப்படும்போது இருக்க மாட்டான் என்று அண்ணியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அண்ணி ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கி, "உங்க அண்ணன் கேப்டனும் லிஃப்ட் கம்பெனிக்காரனும் ஒண்ணுவிட்ட சகோதரனுங்களான்னு கேளு தம்பி. ரெண்டு பேரும் நாளைக்குங்கிறானுங்க" என்றார். அதைச் சொன்னதும் அண்ணன் கோலைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இவ்வளவு வாய் பேசுகிறாள் என்றால் தேறிவிட்டாள் என்றார்.

தேறவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அண்ணி எத்தனை இடத்தில் நின்றார் என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் அந்த மனுஷன் படியில் உருண்டாவது வந்துவிடுவார் என்றார். நான் நாற்காலியில் வைத்து இறக்குகிறேன் என்று அண்ணனிடம் முன்பே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது. எத்தனை வீட்டுச் சாமானை இறக்கியவன், என்னையே சாமானாக்கப் பார்க்கிறாயா, நாளைக்கு லிஃப்ட் வரும், சொந்தக் காலில் போய் அவளைப் பார்க்கிறேன் என்றார்.

இறுதி ஆட்டம் துறைமுகத்துக்கும் மில்லுக்கும்தான். துறைமுகம் ஜெயித்தது. மறுநாள் காலை அதை அண்ணியிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "அம்பயரைப் பிடிச்சிட்டீங்களாக்கும்" என்றார். நான் வெளியே வந்ததும் நர்ஸம்மா பின்னாலேயே வந்தார். பார்க்க வேண்டியவங்க யாராவது இருந்தா இன்னைக்கே வரச் சொல்லுங்க என்றார்.

நான் நேராகக் கிடங்குக்குப் போனேன். சாமானைக் கட்டித் தூக்கும் சுமைப் பட்டைகளை எடுத்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் நெட்டையனைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஐந்து மாடி ஏறியதும் என்னால் பேச முடியவில்லை. அண்ணிக்குக் கொடுத்த சத்தியமும் இருந்தது. பட்டைகளை மேசைமேல் வைத்தேன்.

அண்ணன் நேற்றைய ஆட்டத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தார். மில்காரிக்கு என்ன சேதி சொல்லி அனுப்பலாம் என்று யோசித்து வைத்திருந்தார். பாதியில் பட்டைகளைப் பார்த்தார். பேச்சு நின்றது. பிறகு சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான் போட நேரம் ஆயிற்று.

"கீழே யார் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

"உன் முதுகு தாங்காதுடா."

"தாங்கும்."

சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினோம். முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்தார், ஒன்றை அவிழ்த்துத் திரும்பவும் போட்டார். நெட்டையன் மேலே, நான் கீழே. வழி சொல்வது நெட்டையன் வேலை. ஆனால் அண்ணன் அவனைச் சொல்லவிடவில்லை. படி, படி, இன்னும் ஒரு படி, இடதுபக்கம் சாய், சுவரில் இடிக்காதே. திருப்பத்தில் காலை அகற்றி வை என்றார். ஒரு இடத்தில் நெட்டையனைக் காட்டி, இவன் ஃப்ரிட்ஜை இறக்கி முடிப்பதற்குள் உள்ளே இருக்கிற தண்ணீர்கூட வெந்நீர் ஆகிவிடும் என்றார். பக்கத்து வீடுகளில் கதவு திறந்து பார்த்தவர்களுக்கு வணக்கம் வைத்தார்.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என் சட்டைப் பையில் போன் அடித்தது. படியில் கனத்தோடு நிற்கிறவன் கையை எடுக்க முடியாது. நெட்டையன் என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு நான் கொடுத்திருந்த நம்பர் அதுதான். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அண்ணனுக்கு அது கேட்கவே இல்லை. படி, படி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தேன். லிஃப்ட் கம்பெனி. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று, நான் எடுக்காததால் மெசேஜில் கேட்டிருந்தான். அண்ணனிடம் காட்டினேன்.

"பந்தே போடல, அதுக்குள்ள அம்பயர் கையைத் தூக்கிட்டான்" என்றார். மூன்று பேரும் அங்கேயே சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கிடைத்தது. அண்ணி கட்டிலில் பாதியாகக் கிடந்தார். அண்ணன் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "உங்க ஆளுங்கதான் ஜெயிச்சாங்க. மில்லுதான். நம்ம பயலுக கைய விரிச்சிட்டானுங்க."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

அண்ணி கண்ணைத் திறந்தார். அவரை முதலில் சட்டையிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இவரையே இறக்கிக் கொண்டாந்துட்டீங்களா" என்றார். "அப்ப எனக்கு முடிஞ்சுபோச்சா தம்பி?"

"என்னடா சொல்றா?" என்று அண்ணன் கேட்டார். "என்ன சொல்றா?"

நான் அவர் காதுப் பக்கம் குனிந்தேன். "அடுத்த வருஷமும் எங்க மில்லுதானாம்ணே."

"வாய் மட்டும் குறையல" என்று அண்ணன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையை லேசாக ஆட்டின மாதிரி இருந்தது.

அண்ணி அன்று சாயங்காலமே போய்விட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார். எது கடைசி மூச்சு என்று அண்ணனுக்குத் தெரியவில்லை, நர்ஸம்மாதான் வந்து தோளைத் தொட்டுச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணனைத் திரும்ப மேலே ஏற்றினோம். லிஃப்ட் கதவில் அதே காகிதம். ஏற்றும்போதும் கனம் கீழே இருப்பவன் மேல்தான். அதே நாற்காலி, அதே பட்டைகள். முடிச்சை அவர் இழுத்துப் பார்க்கவில்லை. படி என்றும் சொல்லவில்லை, இடது என்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நெட்டையன் நாற்காலிக் காலைச் சுவரில் நன்றாக இடித்துவிட்டான். காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம், திட்டு விழும் என்று.

அவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, நானே கீழேயிருந்து வழி சொல்ல ஆரம்பித்தேன்.