ஏழாவது சேனல்

அத்தான் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, நான் சவுண்ட் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். காதுக்குள் செருகும் இயர்போன்கள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். டயர் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா, காலை பதினொரு மணி. மேடையில் மேனேஜர் சிறந்த தொழிலாளிகளுக்குக் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்தது நாங்கள்.

"இன்னைக்கு இது வேணாம் மச்சான்."

"ஏன் அத்தான், வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. ரெண்டு வருஷமா இத மாட்டிக்கிட்டு என் வாசிப்பத் தவிர வேற ஒண்ணும் காதுல விழல. ஜனங்க கைதட்டுறது கண்ணுக்குத் தெரியுது, சத்தம் வரமாட்டேங்குது. ஊமைப்படம் பாக்குற மாதிரி இருக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது கேக்கணும்."

தாளம் பிசகிவிடும், எதிரொலி குழப்பும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் தட்டி, "நீ இருக்கியே, பாத்துக்க மாட்டியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் அவருக்குத் தெரியாது.

அத்தான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கூட்டாளிகளும் முதலாளியிடம் சாவியை வாங்கி, இரும்புத் துருவல்களைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அங்கேயே ஒத்திகை நடத்துவார்கள். பாடுகிறவனுக்குப் பட்டப்பெயர் தொண்டை. டிரம்ஸ்காரனுக்கு இடி. பேண்டுக்கு 'லேத்து' என்று பெயர் வைத்தார்கள்; அதற்கு மேல் யோசிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. முதல் நிகழ்ச்சியில் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது வருஷம் மைதானத்தில் பத்தாயிரம் பேர், மழைச் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டுக் குதித்தார்கள். அத்தானின் கிடார் முரட்டுத்தனமாக இருக்கும். எங்காவது ஓரிடத்தில் சுருதியை விட்டு விலகி, விழப்போகிறது என்று நினைக்கும்போது திரும்பி வந்துவிடும். அந்த இடத்தில்தான் கூட்டம் எழுந்து நிற்கும். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதைவிட அந்த வாசிப்புக்குச் சொந்தக்காரர் என்பதுதான் எனக்குப் பெருமை.

அப்புறம் அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. நரம்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், அதற்கு மேல் அவர் கையிலும் ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கிடாரப் பிடுங்கினா மனுஷன் உயிரோட இருக்க மாட்டாருடா. நீதான் மிஷின்ல உக்கார்ற. என்னமாவது பண்ணு."

தொண்டையும் இடியும் நானும் வேனுக்குள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். கிடார் வகுப்பு எடுக்கும் ஒருவரைக் கூட்டி வந்தோம். மூக்குக்கண்ணாடியும் இன் பண்ணிய சட்டையுமாக இருந்ததால் அவர் வாத்தியார் ஆகிவிட்டார். "கூட ஒரு கை இருக்கட்டுமே" என்று அத்தானிடம் சொல்லி, டிரம்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் விழாத இடத்தில் வாத்தியாரை நிறுத்தினோம். மிக்ஸரில் அத்தானின் கிடார் ஏழாவது சேனல். அது இயர்போன் வழியாக அவர் காதுக்கு மட்டும் போகும். அரங்கத்துக்குப் போனது வாத்தியாரின் கிடார்.

அத்தான் முட்டாள் இல்லை. தன் விரல் தடுமாறுவது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கண் கலங்கச் சொல்வார்: "மூணு எடத்துல சொதப்பிட்டேன் மச்சான். இருந்தும் எப்படித் தட்டுறாங்க பாரு. ஜனங்களுக்குப் பெரிய மனசுடா." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவேன். மாத்திரையைவிட அந்தக் கைதட்டல்தான் அவரை நடமாட வைத்தது. அக்காகூட என்னைக் கும்பிடாத குறைதான்.

வாத்தியார் ஒரு தப்புகூடப் பண்ணியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பழைய ரசிகர் ஒருவர் என்னிடம் வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா என்னமோ போங்க" என்று இழுத்தார். மைதானம் போய்க் கல்லூரி அரங்கம் வந்தது, அதுவும் போயிற்று. தொண்டை தனியாகப் பாடப் போய்விட்டான். இடி மாமனாரின் மரக்கடையில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் வருவான். தன் கை சரியில்லாததால்தான் எல்லாம் போயிற்று என்று அத்தான் நினைத்தார். அந்தக் கை வெளியே கேட்காததால்தான் போயிற்று என்பது எனக்குத் தெரியும். மனிதரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பேண்டைக் கொன்றேன். அதைச் சொல்லவும் தைரியம் வரவில்லை, நிறுத்தவும் தைரியம் வரவில்லை.

பகல் நிகழ்ச்சி என்பதால் அன்று அக்காவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இயர்போன்களைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"எப்பவும்போல வாத்தியார் கிடாரையே வெளிய விடுடா."

"விட்டா, இவரு வாசிக்காதது இவரு காதுல விழும்க்கா. அப்பவே புரிஞ்சுடும்."

"இவரையே விட்டா?"

"எல்லாருக்கும் கேக்கும்."

அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "நாலு பேர் முன்னால அவர அசிங்கப்படுத்திடாதடா" என்றாள். இரண்டில் எது அசிங்கம் என்று அவள் சொல்லவில்லை.

தொண்டைக்குப் பதிலாகக் கூட்டி வந்திருந்த பையன் பாட ஆரம்பித்தான். முதலில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து கிடந்ததால் தப்பித்தேன். கடைசியில் மற்றவர்கள் நிறுத்த, கிடார் மட்டும் தனியாக வரும் இடம் நெருங்கியது. சீருடையில் நானூறு தொழிலாளிகள், சிலர் மடியில் கேடயம். டிரம்ஸ் நின்றது. வாத்தியாரை இறக்கி ஏழாவது சேனலை மேலே தள்ளினேன். தன் சத்தம் வெளியே வரவில்லை என்று வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. அவர் கம்பிகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் ஒரு சுரம் பாதியில் செத்துப்போயிற்று. அந்த இடைவெளியில் மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. அப்புறம் தடுமாறி, இழுத்து, விழப்போய், சட்டென்று திரும்பி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பழைய பைத்தியமான எனக்கு மட்டும்தான் சிலிர்த்ததோ என்னவோ. மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார். எங்கோ ஒரு செருமல். அத்தான் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வாசித்தார். அவருக்கு இதில் எதுவும் புதிதில்லை. இத்தனை நாளும் இப்படித்தான் வாசித்தார், இத்தனை நாளும் ஜனங்கள் மன்னித்தார்கள்.

வாசிப்பு முடிந்தது. இடி குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தான். முதல் ஆளாக நான் தட்டியிருக்கலாம். இன்னொரு பொய்க்குக் கை எழவில்லை. அக்காவின் கைகளும் மடியிலேயே கிடந்தன.

அத்தான் கண்ணைத் திறந்தார். கம்பிகள் அதிராமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, வெறும் காதை அரங்கத்தின் பக்கம் கொடுத்தபடி நின்றார்.