காய்ச்சல் விட்டபின் சாக மறுத்தவள்

1

இந்தக் கதை எங்கள் சுகாதார ஆய்வாளர் ரசலையன் சாரின் வாயிலிருந்து வந்தது. அவருக்கு அது தெரியாது. போன வெள்ளிக்கிழமை சுகாதார அலுவலக வராந்தாவில், கொசு ஒழிப்புக்குத் தற்காலிகமாக எடுத்த நாற்பது பெண்களையும் நிற்கவைத்து, இனி வேலை இல்லை என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. நல்ல மனுஷன், நேராகச் சொல்ல வாய் வரவில்லை. உடம்பைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் வந்தா ஒடம்புல வெள்ளை அணு லெட்சக்கணக்குல பெருகும், கேட்டியளா. காய்ச்சல் விட்டா எல்லாம் தானாச் செத்துப்போவும். அதுதான் ஆரோக்கியம். நிங்களும் அதுமாதிரிதான் மக்கா."

"அப்பம் எங்களைச் சாவச் சொல்லுதியளா சாரே?" என்றாள் ஜெயபாய் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். [பொய். ஒருத்தி சிரிக்கவில்லை. கதை அவளைப் பற்றியது.]

2

முதல் வரி: டெல்சி என்பவள் ஒரு வெள்ளை அணு. அடித்துவிட்டேன். அணுவுக்குப் பெயர் வைத்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திய டெல்சி, கூச்சத்தால் யாரிடமும்… இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம் நின்ற கதை வேறொரு நோட்டில் இருக்கிறது.

டெல்சிக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று தெரியும். இது இருக்கட்டும்.

(டெல்சி என்பது நான் வைத்த பெயர். சொந்தப் பெயரை எழுதக் கை கூசியது.)

3

மழைக்காலம் முழுவதும் அவள் கொசுப்புழு தேடினாள். பொன்னுலிங்கம் வீட்டுக் கிணற்றடியில் ஓர் உடைந்த உரல். சத்தியபாய் டீச்சரின் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் ஒரு தட்டு. பிறகு ரப்பர் விளைகள், அதாவது தோட்டங்கள். பால்வெட்டு நிறுத்திய மரங்களில், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால், ஒவ்வொன்றிலும் மழை நிற்கும், ஒவ்வொன்றிலும் புழு நெளியும். வீடுவீடாகக் கதவு தட்டிப் பேச நாக்கு எழாதவள், வீடுகளை முடித்த கையோடு விளைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மரம் பதில் கேட்காது. எந்த வீட்டில் எங்கே தண்ணீர் நிற்கும், எந்த விளையில் எந்த வரிசையைக் கவிழ்க்க மறப்பார்கள் என்பதையெல்லாம் வேலை நோட்டில் குறித்தாள்.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து கதை எழுதினாள். அதுதான் செய்த தப்பு. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து அந்த நோட்டில் எழுதினால், வேலை செய்கிறாள் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?

"திங்கட்கிழமை எல்லாரும் நோட்டைத் தந்துரணும்" என்றார் சார். "அடுத்த மழைக்கு வாற புது ஆளுகளுக்கு உதவும்லா."

4

இங்கே கொஞ்சம் அறிவியல் வருகிறது. பிடிக்காதவர்கள் அடிக்குறிப்புக்குத் தாவலாம்.*

சார் சொன்னது பாதி உண்மை. மீதியை, நர்சிங் படிக்கும் சுபிதாவின் புத்தகத்தில் பார்த்தேன். கிருமி ஒழிந்ததும், அணுக்களை வாழவைத்த செய்திகள் நின்றுபோகின்றன. சில வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிகின்றன. பெரும்பாலும் வெளியிலிருந்து யாரும் வெட்டுவதில்லை. உள்ளுக்குள்ளேயே தம்மைத் துண்டு துண்டாக்கிக்கொள்கின்றன, அக்கம்பக்கத்து அணுக்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. அத்தனையும் சாகாமல் நின்றால் சொந்த உடம்பையே தாக்கக்கூடும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

சார் விழுங்கிய மீதி இது: சில அணுக்கள் சாவதில்லை. பார்த்த கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக இருக்கின்றன. அதே கிருமி திரும்பி வந்தால் முந்தி எழுவது அவைதான்.

உடம்பு நினைவையும் நினைவு வைத்தவளையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. அலுவலகமோ நினைவை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, நினைவு வைத்தவளை அனுப்புகிறது. இதுவா ஆரோக்கியம்?

* அணுவுக்கு மதியம் ஆனால் சோறு வேண்டாம். உவமை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

5

முடிவு ஒன்று: டெல்சி நோட்டைக் கொடுத்துவிட்டு, அண்டி ஆபீசுக்கு, முந்திரி ஆலைக்கு, கொட்டை உடைக்கப் போகிறாள். சாருக்குப் பிடித்த முடிவு. அடித்தேன்.

முடிவு இரண்டு: கதைகளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு வீட்டுக் குறிப்புகளைக் கொடுக்கிறாள். இதைச் செய்தே பார்த்தேன். நடுவில் பின் அடித்த நோட்டு. கடைசித் தாளை இழுத்தால் முதல் தாளும் கழன்று வருகிறது. என் முதல் கதையோடு பொன்னுலிங்கத்தின் உரலும் கையில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே தாள். மறுபடி செருகிவைத்தேன்.

(பார்த்தெழுதிக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் அந்த விளைகளில் அட்டை கடித்தது யார் காலை?)

முடிவு மூன்று: டெல்சி ஜெயபாய் அக்காவிடம் யோசனை கேட்கப் போகிறாள்.

"ஏட்டி, ஒரு நோட்டுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? குடுத்துத் தொலை."

"தரமாட்டேன் அக்கா."

"என்னது? எனக்கே கேக்கல்ல. அந்த மனுஷனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

"தரமாட்டேன்!"

கூரையில் இருந்த காகம் பறந்தது. அக்கா சிரித்தாள். "இத அவருட்ட சொல்லு பாப்பம்."

6

இன்று திங்கட்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் நிற்கிறது. ரசலையன் சார் நோட்டைக் கேட்டுக் கூப்பிடுகிறார். டெல்சி என்று அல்ல, என் சொந்தப் பெயரைச் சொல்லி.

எழுந்து போகிறேன். நோட்டு நெஞ்சோடு இருக்கும். சொல்லப்போவது இதுதான்: "நோட்டு தரமாட்டேன் சாரே. அடுத்த மழைக்கு எந்தச் சிரட்டையில தண்ணி கெடக்குன்னு தெரியணும்னா, என்னையக் கூப்பிடணும். நோட்டு எனக்க கூடத்தான் வரும்."

அவர் என்ன சொல்வார் என்பதை நான் எழுதப்போவதில்லை. முன்னால் வந்த வீடுகளும் பின்னால் வந்த கதைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில், நடுத்தாள் ஒன்று வெறுமையாக இருக்கிறது. அதை உருவினால் வேறெந்தத் தாளும் கழலாது. அது உங்களுக்கு. அவரைத் திட்டவையுங்கள், பைக்கைத் திருப்பவையுங்கள், என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அவளைச் சாகடிப்பதாக இருந்தால் மட்டும் தாளைத் திருப்பித் தந்துவிடுங்கள். எனக்கு எழுத இடம் வேண்டும்.