பத்து டிகிரி

தலையை நேராக வைக்க மூன்றாவது தடவையாக முயன்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, மடித்த துண்டை வலது காதோரம் அண்டக் கொடுத்தார். கையை எடுத்ததும் தலை மெல்லப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"விடுங்க," என்றாள் இறந்தவரின் மகள். "அப்பா எப்பவும் அப்படித்தானே. நேரா வெச்சா வேற யாரோ மாதிரி இருக்கு."

சுவரோரம் நின்றிருந்த பெண்ணுக்கு அது காதில் விழுந்தது. மனதில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த கால் மரத்திருந்தது. மற்றதும் அப்படியே மரத்திருந்தது. முப்பத்தெட்டு வயது, லென்ஸ் பட்டறையில் பதினாறு வருஷ வேலை. பட்டறையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். படுத்திருந்தவர் அவளுக்கும் அப்பா. அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை. சாவு வீட்டில் அது ஒரு சௌகரியம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் போதும், உறவாகிவிடலாம்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, குடோனுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய ஆள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள், தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரையும் விசாரித்தார்கள். ஒரு துப்பும் இல்லை. வீட்டில் மிஞ்சியது மேஜை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய மூக்குக் கண்ணாடி. வலது பக்கம் வெறும் கண்ணாடி, இடது பக்கம் சோடாபுட்டி.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே அதைக் கொண்டுபோய் மெஷினில் வைத்து அளந்தாள். இடது கண்ணுக்கு மைனஸ் ஒன்பது, அதோடு கோணல் பார்வையைத் திருத்துகிற சிலிண்டர் மூன்று; அந்தச் சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம் இருபது டிகிரி. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஜோடிக் கண்ணு ஊருக்கு ஒண்ணு கூட தேறாதும்மா," என்றார். ஏழு வருஷம் கழித்து, வெளியூர்க் கடை ஒன்றின் ஆர்டர் சீட்டில் அதே எண்கள் வந்து உட்கார்ந்திருந்தன. பேர்தான் வேறு. பேரை மாற்றிக்கொண்டார், ஊரை மாற்றிக்கொண்டார், கண்ணை என்ன செய்வார்.

அன்றே பஸ் ஏறியிருக்கலாம். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். பயம். அம்மா போய் எதிரில் நின்று, அவர் "யாரும்மா நீங்க" என்று கேட்டுவிட்டால்? அதனால் லென்ஸ் வேலை செய்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். இருபதில் நிற்க வேண்டியதை முப்பதில் நிறுத்தி வெட்டி அனுப்பினாள். போட்டதும் கோடெல்லாம் கோணலாகத் தெரியும், தலை வலிக்கும். ஆள் கடையில் சண்டை போடுவார். கடைக்காரர், பட்டறையில் போய்க் கேளுங்கள் என்பார். அவராகவே அவள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார், அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

லென்ஸ் திரும்பி வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து அடுத்த ஆர்டர் வந்தது. கடைக்காரர் பழைய கண்ணாடியை வைத்தே அளவெடுத்து எழுதியிருந்தார்: முப்பது. அதற்கப்புறமும் அவள் அதைத் திருத்தவில்லை. கோபம்தான், வேறென்ன.

இன்று காலை அந்தக் கடைக்காரர் போன் செய்தார். "அந்தச் சோடாபுட்டி ஆர்டர நிறுத்திடும்மா. டைப்பிங் மாஸ்டர் நேத்து சாயங்காலம் போயிட்டார்." விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

மகள் டீ கொண்டுவந்து நீட்டினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். இவள் மனதுக்குள் அவளை ஏற்கெனவே சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்; கேட்டுக்கொண்டா வருகிறது.

"நீங்க அப்பாகிட்ட டைப்பிங் படிச்சவங்களா?"

"இல்ல. கண்ணாடிப் பட்டறையிலேருந்து வர்றேன். அவரோட லென்ஸ நான்தான் பண்ணுவேன்."

"ஓ." சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு கண்ணாடி வந்துச்சு. அதப் போட்டதுலேருந்துதான் இப்படித் தலையச் சாய்ச்சுப் பார்க்க ஆரம்பிச்சார். பஸ் போர்டு படிச்சாலும் அப்படித்தான், டிவி பார்த்தாலும் அப்படித்தான். மாத்திட்டு வாங்கப்பான்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. கேக்கல. யாரோ தெரியாமப் பண்ணிருப்பாங்க, பழகிக்கலாம்னுட்டார். சண்டையெல்லாம் வராது அவருக்கு. சத்தமில்லாம நகந்துடுவார்."

"ஆமா," என்று வாய் தவறி வந்துவிட்டது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள். மூன்று மணிக்கு வண்டி வரும் என்று பேசிக்கொண்டார்கள். இவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா இருக்கற இடம் தெரிஞ்சுது."

மெஷின் நின்றது. "உயிரோடவா?"

"இல்ல. நேத்து."

கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உனக்கு எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொன்னால் முடிந்துவிடும். அம்மா நம்புவாள். "ஒன்பது வருஷமா," என்றாள்.

"எப்போ எடுக்கறாங்க?"

"மூணு மணிக்கு. இப்பவே ஒண்ணேமுக்கால் ஆச்சு. நீ கிளம்பி வந்தா நாலாயிடும்மா."

"நிறுத்தி வையி. நான் ஒரு தடவை பார்க்கணும்."

"நான் யாருன்னு சொல்லி நிறுத்தறது?"

"அது உன் பாடு," என்றாள் அம்மா. "ஒன்பது வருஷம் வாயத் தெறக்காம இருந்தேல்ல. இப்போ தெற." போனை வைத்துவிட்டாள்.

வண்டி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்தார். நாலு பேர் குனிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தலைமாட்டில் கை கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். இவ்வளவு பேர் இவளை ஒரே நேரத்தில் பார்த்தது இவள் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"என்ன?" என்றாள் சின்னவள்.

"ஒருத்தங்க வரணும். நாலு மணி ஆகும்."

"யாரு?"

"எங்கம்மா."

"உங்கம்மாவுக்கு மாஸ்டர் என்ன..." என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தார். சின்னவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இவள் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு படுத்திருந்தவரைப் பார்த்தாள். மறுபடி இவளை.

"தனக்கு யாருமே இல்லன்னுதான் அப்பா சொல்லிட்டிருந்தார்," என்றாள்.

"எங்ககிட்ட எதுவுமே சொல்லிக்கல," என்றாள் இவள்.

சின்னவள் தலையாட்டினாள். வாசலுக்குப் போய் டிரைவரிடம், "நாலு மணிக்கு எடுத்துக்கலாம்," என்றாள். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து, கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவள் உள்ளறைக்குப் போய், துவைத்த துணி குவிந்திருந்த ஒரு நாற்காலியைக் காலி செய்து தூக்கிக்கொண்டு வந்தாள். தலைமாட்டில், முகம் தெரிகிற பக்கமாகப் போட்டாள். உள்ளங்கையால் ஒருதரம் துடைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் களைப்பில் அதில் உட்காரப் போனார்.

"அதுல வேணாம்," என்றாள் சின்னவள்.