பூட்டு நாளில் ஒரு நடை

தோர்ன்லீ மாளிகைப் பூங்காவின் கதவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் சங்கிலி விழும், ஜனவரியின் கடைசிப் புதன்கிழமை. அந்த நாளாகப் பார்த்து கிளிஃபர்ட் வாசலில் வந்து நின்று, "மாளிகை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா, மேவிஸ்?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மேவிஸுக்கும் வந்தது.

கிளிஃபர்ட் அந்த மாளிகையின் காவல்காரர். குடியிருப்பதும் முதலாளி கொடுத்த வீட்டில்தான். புது முதலாளியோ அங்கே கல்யாண ஓட்டல் நடத்தப் பூங்காவை அடைக்கப் பார்க்கிறார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் விசாரணை. சட்டப்படி, இருபது வருஷம் தடையில்லாமல் ஜனங்கள் பூங்கா வழியாக நடந்திருந்தால் பாதை ஊருக்கு. வருஷத்துக்கு ஒரு நாளாவது தடுத்திருந்தால் முதலாளிக்கு. அந்தப் பாழாய்ப்போன சங்கிலியே அதற்காகப் போடுவதுதான்!

பாதை போனால் மேவிஸ் தொலைந்தாள். கணவன் ரான் இறந்த பிறகு குளிர்காலத்தில் அவளை வீட்டை விட்டு வெளியே இழுப்பது அந்த நடை ஒன்றுதான். நாலு மணிக்கே இருட்டிவிடும் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சரி, இந்த மனுஷன் என்ன திட்டத்தோடு வந்திருக்கிறார் என்று பார்த்துவிடுவோம் என ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வயலில் உறைந்த சேறு காலடியில் மொறுமொறுத்தது. காற்று மூக்கைக் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. சந்தேகத்தோடு வந்தவளுக்கு உடம்பு இப்படிக் குஷியானது எரிச்சலாகக்கூட இருந்தது.

"ஏன் முகத்தை உர்ருனு வச்சிருக்கீங்க?"

"குளிரு. சிரிச்சா பல்லு கூசும்."

கிளிஃபர்ட் பிளாஸ்கைத் திறந்து டீயை நீட்டினார்.

"முதல்ல நீங்க குடிங்க," என்றாள். அவர் குடித்த பிறகுதான் வாங்கினாள்.

கதவு வந்தது. அதன் கம்பியில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியது. அந்தப் பக்கம் எலுமிச்சை நிறப் பாசி படிந்த மரங்களின் வரிசை, கடைசியில் மாளிகையின் புகைபோக்கிகள். பக்கத்து மரத்தில் பறவைகள் வந்து தங்குவதற்கான பெட்டிபோல் புதிதாக ஒரு பறவைக்கூண்டு மாட்டியிருந்தார்கள். அதற்குள் கேமரா வைத்திருப்பார்களோ?

"பூட்டு நாள்ல என்னிக்காவது இதைத் தாண்டி உள்ளே போயிருக்கீங்களா?" என்று கிளிஃபர்ட் மெதுவாகக் கேட்டார்.

அப்படி வா வழிக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் அத்துமீறல் என்று அவள் மேலேயே திருப்பிவிடுவார்கள்.

"நானா? சங்கிலியைப் பார்த்தா அப்படியே திரும்பிடுவேன். ஒரு தடவைகூடப் போனதில்லை," என்றாள், பறவைக்கூண்டுக்கும் கேட்கும்படியாக.

கிளிஃபர்டின் முகம் தொங்கிப்போனது. "அப்போ கேஸ் அவ்வளவுதான். ஊர்ல எல்லார்கிட்டேயும் கேட்டாச்சு. நீங்கதான் கடைசி."

"என்ன உளர்றீங்க?"

"நான் ஒரு வருஷம்கூடப் பூட்டினதில்லை, மேவிஸ். சங்கிலியைச் சுத்திட்டு, பூட்டை அழுத்தாம சும்மா தொங்கவிட்டுடுவேன். விசாரணையில அதைச் சொல்லத்தான் போறேன். ஆனா ஊர்க்காரங்க வக்கீல் என்ன சொல்றார்னா, சங்கிலியைப் பார்த்து எல்லாரும் திரும்பிட்டா அதுவும் தடைதானாம். உள்ளே போன ஒருத்தராவது வேணுமாம். ஒவ்வொரு வருஷமும் சாயங்காலம் யாராவது திறந்திருக்காங்களான்னு ஆசையா வந்து பார்ப்பேன். வச்சது வச்சபடி இருக்கும். ஒரு ஊரே இப்படியா நல்ல பிள்ளையா இருக்கும்?"

"சொன்னா உங்க வீடு போயிடுமே?"

"போகட்டும். லீட்ஸ்ல தங்கச்சி இருக்கா. அவ சமையலை நினைச்சாத்தான் பயம்."

மேவிஸ் நம்பவில்லை. இந்த வருஷம் கேஸுக்காகப் பூட்டியிருப்பார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பூட்டைப் பிடித்து இழுத்தாள். அது வாயைத் திறந்துகொண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. இவரையா சந்தேகப்பட்டோம்!

பூட்டைக் கம்பியில் மாட்டினாள். சங்கிலியை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள், மூடினாள். மறுபடி சங்கிலியை இரண்டு சுற்று சுற்றி, நுனி வளையத்தை வளைந்த ஆணியில் மாட்டி, பூட்டின் முகம் தரையைப் பார்க்கும்படி தொங்கவிட்டாள். அவர் வைத்திருந்தது போலவே, அச்சு அசலாக.

கிளிஃபர்ட் பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வருஷமும் வந்தேன். பூட்டு கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சிருந்தேன். அன்னிக்கு மத்தவங்க நாயும் கிடையாது, குழந்தைங்க தள்ளுவண்டியும் கிடையாது. மான்களும் நானும் மட்டும். கதவை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுட்டுப் போகணும்னு எங்கப்பா சின்ன வயசுலயே சொல்லி வளர்த்துட்டார். நான் என்ன பண்ண?"

"அட பாவி மனுஷி! இத்தனை வருஷமா என் கண்ணுல மண்ணைத் தூவினது நீங்கதானா!" அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். "முதலாளியோட வக்கீல் முன்னாடி இதைச் சொல்வீங்களா?"

"சொல்வேன். அந்தக் கூண்டுல கேமரா இருந்தா அதுவும் சொல்லட்டும்."

"அது சிட்டுக்குருவிக்கு நான் மாட்டினதும்மா."

மேவிஸ் சங்கிலியை மறுபடி அவிழ்த்துத் தரையில் போட்டாள். இருவரும் உள்ளே போனார்கள். பழக்கதோஷத்தில் கிளிஃபர்டின் கை பின்னால் சங்கிலியைத் தேடிப் போனது. அவள் அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள்.

"விடுங்க. கீழேயே கிடக்கட்டும்."

கதவை அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர்கள் மாளிகையை நோக்கி நடந்தார்கள்.