ஜெபஸ்டின் அண்ணனுக்குப் பக்கத்து இலை

எங்கள் ஊர்க் கோயில் அசனத்தில் ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், அவர்களுக்கு நடுவில் இருந்த வழக்கு முடிந்தது என்று அர்த்தம். வரப்புத் தகராறோ, வாய்க்கால் தண்ணீரோ, அண்ணன் தம்பி பாகமோ, இலையை மடித்த பிறகு ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினவனை ஊரில் எவனும் மதிக்க மாட்டான். இந்த வருஷம் என் தம்பி ஹெப்ரானை அப்படி உட்கார வைக்க ஏற்பாடு நடந்தது. பக்கத்து இலை ஜெபஸ்டின் அண்ணனுக்கு. அவர்தான் இவனைத் துப்பாக்கியால் சுட்ட சப் இன்ஸ்பெக்டர்.

ஊர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. மேலத்தெருவில் வாழைத்தோட்டக்காரர்கள், கீழத்தெருவில் அந்தத் தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கிற நாங்கள், நடுவில் எங்கள் கிறிஸ்தவக் கோயில். வருஷத்துக்கு ஒருதரம் ஊர் முழுக்க அரிசியும் ஆடும் சேர்த்து, கோயில் வளவில் சமைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். கோயில் என்னவோ ஒன்றுதான், பந்தி ரொம்ப காலம் ஒன்றாக இல்லை. கீழத்தெரு ஆட்கள் சட்டி கொண்டு வந்து சோற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவும் அவருடைய சேக்காளிகளும் வாலிபத்தில் ஒரு அசனத்துக்குச் சட்டி இல்லாமல் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அடி விழுந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை. ஒரே பந்தி என்பது அதற்குப் பிறகு வந்தது. இதை அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். அம்மாதான் சொல்லுவாள், அதுவும் அவரைத் திட்டும்போது.

ஹெப்ரானைச் சுட்டது போன ஐப்பசியில். மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். தோட்டத்தில் அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. தம்பி போனில் சார்ஜ் இல்லை. அப்பாவைத் தூக்கி வந்து வாய்க்கால் பாலத்தடியில் படுக்க வைத்துவிட்டு, வண்டி ஏதாவது கிடைக்குமா என்று ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். அங்கே ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது. நகைக்கடையில் கொள்ளையடித்த ஒரு கும்பல் அந்த வழியாக வருகிறது என்று காத்திருந்தார்களாம். ஜீப்புக்கு முன்னால் நின்றவர் மேலத்தெரு ஜெபஸ்டின் அண்ணன். கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் ஹெப்ரானுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். தெரிந்த முகத்தைப் பார்த்த நிம்மதியில் இவன் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவர் நெஞ்சுக்குக் குறி வைத்துச் சுட்டார். குண்டு வலது தோளில் பாய்ந்தது.

விழுந்த பிறகும், அப்பா பாலத்தடியில் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கியிருக்கிறான். ரெண்டு பேரையும் அதே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்பா பிழைத்தார். தம்பியும் பிழைத்தான். வலது கை மட்டும் வேலைக்கு ஆகவில்லை, தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. மறுநாள் அவன் மேல் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். அரிவாளை ஓங்கிக்கொண்டு போலீசை வெட்ட வந்தானாம். அரிவாளுக்கு எங்கே போனார்கள் என்றால், தோட்டத்தில் வாழைமரத்தில் கொத்தி வைத்திருந்த அப்பாவின் அரிவாளை எடுத்து வந்து, அவன் கையில் இருந்தது என்று காட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன். தவளையை அறுத்துப் படம் வரையத் தெரியும், சட்டத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் படித்த பிள்ளை என்று என்னைத்தான் எல்லா ஆபீசுக்கும் அனுப்பினார்கள். போகிற இடத்தில் எல்லாம் சண்டை போட்டு, ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, ஜெபஸ்டின் மேலும் ஒரு வழக்குப் போட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அசனம். செவ்வாய்க்கிழமை அந்த வழக்கில் ஹெப்ரான் சாட்சி சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாத்துரை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில் கமிட்டிச் செயலாளர், ஜெபஸ்டினுக்குத் தாய்மாமன். கீழத்தெரு வீட்டுக்குள் அவர் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அம்மா பதறிப்போய் நாற்காலியைச் சேலையால் துடைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது இதுதான். தெரியாமல் அரிவாளோடு ஓடி வந்துவிட்டேன், போலீஸ் என்று நினைக்கவில்லை என்று ஹெப்ரான் கோர்ட்டில் சொல்லிவிட வேண்டும். ரெண்டு வழக்கையும் முடித்துவிடலாம். நாளைக்கு அசனத்தில் ரெண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊருக்கும் நிம்மதி, ஆண்டவருக்கும் பிரியம். ஆண்டவரைக் கடைசியாகத்தான் சேர்த்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அரிவாளே இல்லாதவன் எதற்கு இருந்தது என்று சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"ஏட்டி, ஒங்க அப்பனக் காப்பாத்துனதே அந்த ஜீப்புதான். அத மறந்துறாத" என்றார்.

"சுடாம ஏத்திருந்தா இவன் கையும் சேந்து பொழச்சிருக்கும்லா, அண்ணாச்சி" என்றேன்.

பொம்பளைப் பிள்ளையைப் படிக்க வைத்தால் வீட்டுக்குள் இப்படித்தான் கோர்ட்டு நடக்கும் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜீப் விஷயம் அவருக்குள் முள்ளாகக் கிடக்கிறது. மகனைச் சுட்டவன்தான் தன்னைக் காப்பாற்றினவன். அந்த மனிதர் எந்தப் பக்கம் பேசுவார்? அம்மா அழுதாள். கை போனது போதாதா, ஜெயிலுக்கும் போகணுமா, அண்ணாச்சி சொல்வதுபோல் சொல்லிவிடு என்று ஹெப்ரானின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

ஹெப்ரான் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை ஆடு என்று அண்ணாச்சியிடம் விசாரித்தான். அவர் முறைத்தார். "பந்தியில உக்காருதேன் அண்ணாச்சி. அவுக பக்கத்துலயே எல போடுங்க" என்றான். அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். நான் அவனோடு பொழுது சாயும் வரைக்கும் சண்டை போட்டேன். உட்கார்ந்தால் ஒத்துக்கொண்டது என்றுதான் ஊர் சொல்லும், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். "பசிக்கும்லாக்கா" என்றான்.

அவன் அப்படித்தான். சுமை தூக்க முடியாமல் போன பிறகு வாழைக்காய்க் கமிஷன் கடையில் ஏலம் கூறப் போனான். காலையில் அவன் விலை கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். குண்டு தொண்டையில் படவில்லை, அதுவரைக்கும் லாபம் என்பான். வியாபாரிகளுக்கு அவனைப் பிடிக்கும். இடது கையால் சட்டைப் பித்தான் போடப் பழகினான், சைக்கிள் ஓட்டப் பழகினான். அவன் சிரிக்கும்போதெல்லாம் அவன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் சுமக்கிறேன் என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கோயில் வளவில் வேப்பமரத்தடியில் அண்டாக்கள் கொதித்தன. அப்பா கறிக் குழம்புக்குப் பொறுப்பு. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, துடுப்புப்போல நீளமான கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளையாகக் குவித்து, போதகர் அதன் முன்னால் நின்று ஜெபம் செய்தார். கறி வாசனையில் ஜெபம் நீளமாக இருப்பதாக எல்லாருக்கும் தோன்றியது. சின்னப் பிள்ளைகள் ஆமென் என்று முன்கூட்டியே சொல்லி அடி வாங்கினார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் அசனத்தன்றைக்கு எங்கள் ஊர் அழகாகத்தான் இருக்கும்.

பந்தியில் தண்ணீர் ஊற்றுவது பெண்கள் வேலை. நான் செம்பை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே அந்த வரிசைக்கே போனேன். அப்பாத்துரை அண்ணாச்சி ஹெப்ரானின் தோளைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தார். ஜெபஸ்டின் அண்ணன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். யூனிபார்ம் இல்லாமல் அவரைப் பார்த்தால் சாதாரண ஆள்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. ரெண்டு இலைக்கும் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, கத்தரிக்காய்க் கூட்டு விழுந்தது. வரிசை முழுவதும் இவர்களையே பார்த்தது.

ஹெப்ரான் இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.

வீட்டில் தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறான், எங்களுக்குப் பழகிவிட்டது. ஊர்ப் பந்தியில் ஒருத்தன் இடது கையால் சாப்பிடுவதை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அவன் வெட்கப்படவும் இல்லை, காட்ட வேண்டும் என்று செய்யவும் இல்லை. எலும்பை எடுத்து நன்றாக உறிஞ்சினான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னான். பக்கத்து இலையில் ஜெபஸ்டின் அண்ணனின் வலது கை சோற்றுக்குள் போனபடியே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பைய, இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருட்டா இருந்துச்சுலே."

"ஆமாண்ணே. இருட்டாத்தான் இருந்துச்சு."

"நீ ஓடி வந்தே."

"ஓடித்தான் வந்தேன். அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே வந்தேன்."

"எனக்குக் கேக்கல."

"இருட்டா இருந்துச்சு, கேக்கல, பயந்துட்டேன். இதையே கோர்ட்டுல சொல்லுங்கண்ணே. நானும் ஆமான்னு சொல்லுதேன். அரிவா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் மெதுவாகத்தான் பேசினான். ஏலம் கூறுகிற தொண்டை, வரிசைக் கடைசி வரைக்கும் போய்விட்டது. அப்பாத்துரை அண்ணாச்சி ஓடி வந்தார். அசனச் சோற்றில் கை வைத்துவிட்டு என்னலே கோர்ட்டுப் பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்தால் வழக்கு முடிந்தது என்று உனக்குத் தெரியாதா என்று இரைந்தார். ஹெப்ரான் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல, அண்ணாச்சி. அது முடிஞ்சுது. ஆனா என் கையில அரிவா இல்ல. அத செவ்வாக்கெழம சொல்லத்தான் செய்வேன்."

"அப்போ இந்தப் பந்தியில ஒனக்கு எடமில்ல. எந்திலே."

அம்மா தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் கையில் இருந்த செம்பால் அவர் மண்டையில் ஒன்று போடத் தோன்றியது. அதற்குள் அப்பா குழம்பு வாளியோடு வந்துவிட்டார். வேர்வை வழிகிற முகம். அண்ணாச்சியைத் தாண்டி, இலைகளுக்கு முன்னால் குனிந்து, ஹெப்ரானின் இலையில் ஒரு கரண்டி கறி போட்டார். பிறகு ஜெபஸ்டின் அண்ணனின் இலையிலும் ஒரு கரண்டி போட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

"என்னய ஜீப்புல ஏத்துனியல்லா தம்பி, அதுக்கு நன்றி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று அவரிடம் சொன்னார். பிறகு மகனைப் பார்த்து, "நீ எந்திக்காத. சாப்புடு" என்றார்.

அப்பாவை எழுப்ப இந்தப் பந்தியில் ஒரு காலத்தில் ஆள் கூடியிருக்கிறது. இப்போது அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார், யாரும் எழுந்து வரவில்லை. மேலத்தெரு ஆட்களும் தங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சிலருக்கு எங்கள் மேல் கோபம் இருந்திருக்கும், சிலருக்குப் பசி. எது எப்படியோ, பந்தி நடந்தது. ஹெப்ரான் ரசத்துக்கு இன்னொரு தடவை சோறு வாங்கினான். ஜெபஸ்டின் அண்ணன் ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பார். எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. தம்பி மன்னித்தான் என்றால் அது அவன் பாடு, என் பாடு வேறு.

செவ்வாய்க்கிழமை நாங்கள் நாலு பேரும் கோர்ட்டுக்குப் போனோம். ஹெப்ரான் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னான். இருட்டாக இருந்தது என்றும் சொன்னான். கையில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, ரெண்டு கையும் மேலே இருந்தது என்றான். அப்போது அவன் தூக்கிக் காட்டியது இடது கையை மட்டும்தான். ஜெபஸ்டின் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய வக்கீல், அடுத்த தடவை குறுக்கு விசாரணை செய்துகொள்கிறேன் என்று வாய்தா வாங்கினார். இவன் மேல் போட்ட வழக்கும் அப்படியேதான் நிற்கிறது. ஜெயில் இல்லை என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. அப்பா கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஹெப்ரான் கண்டக்டரிடம் வாழைக்காய் விலை பேசிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா, கருங்குளம் தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாய்தா என்னைக்குட்டி?"

சொன்னேன்.

"அன்னைக்கு ஓட்டல்ல சாப்புட வேண்டாம். சோறா அது, சுண்ணாம்பு மாதிரி. நான் புளியோதரை கட்டிக்கிட்டு வாரேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, வக்கீலம்மாவுக்கும் சேர்த்துக் கட்டவா என்று கேட்டாள்.